பதினெட்டு மணி பதினேழு நிமிடம்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் தட்டிப் பாருங்கள். பதினைந்தாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று வரும். முப்பத்து நான்கு ஆண்டு ஒரு விமான நிறுவனத்தில் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், அந்தத் தூரத்தை எந்தப் பயணிகள் விமானமும் அப்படியே பறந்ததில்லை. உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் வரும் தூரம் அது. நூலுக்குக் காற்று கிடையாது, புயல் கிடையாது, இந்த வழியாக வராதே என்று சொல்லும் அரசாங்கமும் கிடையாது. விமானத்துக்கு எல்லாம் உண்டு.

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் நான்கு பேர் டன்லப் தெருவில் ஒரு பிரியாணிக் கடையில் எனக்கு விருந்து வைத்தார்கள். ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியும் மறக்கவில்லையே என்று மகிழ்ச்சியாகத்தான் போனேன். பாதிச் சாப்பாட்டில் பிரியா வாயைத் திறந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஓராண்டாக என் பழைய வேலையைப் பார்க்கிறவள். கெட்டிக்காரி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம், அதில் எங்கள் ஊர் 'லா'வும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நிசாக்கா, இப்ப சிஸ்டமே நாலு செகண்ட்ல ரூட், ஃபியூயல், டைம் எல்லாம் போட்டுடுது லா. உண்மையச் சொல்லுங்க, நீங்கள்லாம் அப்ப உக்காந்து என்னதான் பண்ணீங்க?"

"முதல்ல அந்தக் கோழிக்காலச் சாப்பிட்டு முடி. அப்புறம் உன்ன வச்சுக்கிறேன்," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் என் வீடு இருக்கும் சுவா சூ காங்கில் ரயிலை விட்டு இறங்கும்வரை எனக்கு மனசு ஆறவில்லை. என்ன பண்ணினோமா? அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலைக்கு டிஸ்பாட்சர் என்று பெயர். விமானம் கிளம்புவதற்கு முன் அது எந்த வழியில் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும், எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும், இறங்க முடியாவிட்டால் வேறு எங்கே இறங்கும் என்றெல்லாம் தரையில் உட்கார்ந்து முடிவு செய்கிற வேலை. அந்தத் திட்டத்தில் விமானி ஒரு கையெழுத்துப் போடுவார், நாங்கள் ஒன்று போடுவோம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விமானம் நகராது. இது வெளியே யாருக்கும் தெரியாது. கல்யாண வீடுகளில் விமான நிறுவனத்தில் வேலை என்று சொன்னால், மலிவாக டிக்கெட் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள்.

என் அத்தா, அதாவது அப்பா, லிட்டில் இந்தியாவில் பாய், தலையணை விற்றவர். நான் பாலிடெக்னிக் முடித்து, தந்தி இயந்திரத்தில் வரும் செய்திகளைக் கிழித்து மேசை மேசையாகக் கொடுக்கும் எழுத்தராக உள்ளே போனேன். கிழித்துக் கிழித்தே வானிலை வரைபடம் படிக்கக் கற்றேன், பிறகு தேர்வு எழுதினேன், ஒருமுறை தோற்றேன், மறுமுறை தேறினேன். பயிற்சி ஆண்டுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தேறிய மறுநாள் என்னை அந்தோணிசாமி மேசைக்கு அனுப்பினார்கள். உண்மையான பயிற்சி அங்கேதான் தொடங்கியது.

அந்தோணிசாமி என்னைவிட எட்டு வயது மூத்தவர். சிங்கப்பூரின் செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அறையின் நடுவில் நின்றுகொண்டேயிருப்பார். அலுவலகத்தில் எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில்தான். அவருக்குக் கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவார். அந்த அறையில் சீனர், மலாய்க்காரர், யுரேஷியர் என்று இருபது பேர் இருந்தோம், தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் யார் தப்பு செய்தாலும் திட்டு என் காதில்தான் விழுந்தது.

முதல் வாரத்தில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரும் விமானத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். நான் தூரத்தைச் சொல்லி, வேகத்தால் வகுத்து, பெருமையாக நிமிர்ந்தேன்.

"நான் கிலோமீட்டர் கேட்டேனா? நிமிஷம் கேட்டேன்," என்றார். தமிழில். "இங்கேருந்து லண்டன் போறதுக்கும் அங்கேருந்து வர்றதுக்கும் தூரம் ஒண்ணுதானே? அப்ப ஏன் போறப்ப ஒரு மணி நேரம் கூட ஆவுது? போய்க் காத்தப் பாரு, போ."

போய்ப் பார்த்தேன். பூமிக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. அதில் இறங்கினால் விமானத்தை இழுத்துக்கொண்டு போகும், எதிர்த்தால் பிடித்து வைக்கும். ஆறு தினமும் இடம் மாறும். ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போய் அரை மணி நேரம் முன்னால் சேரலாம், குறுக்கே போய்த் தாமதமாகச் சேரலாம். இது புரிந்த அன்றைக்கு நான் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தலைக்குள் முழுக்கக் காற்றுதான்.

எங்கள் அறையில் ஒரு பழக்கம் இருந்தது. அந்தோணிசாமி கொண்டுவந்தது. கணினியைக் கணக்குப் போடச் சொல்வதற்கு முன், காற்றுப் படத்தை மட்டும் பார்த்து, இந்த விமானம் எத்தனை மணி எத்தனை நிமிடம் பறக்கும் என்று ஒரு துண்டுச்சீட்டில் கையால் எழுதிப் பலகையில் குத்திவிட வேண்டும். அதன் பிறகுதான் பொத்தானை அழுத்தலாம். விமானம் இறங்கியதும் சீட்டைப் பிரித்துப் பார்ப்போம். வாரத்தில் அதிக நிமிடம் பிசகியவர் எல்லாருக்கும் கறிபாஃப், சமோசா மாதிரிப் பொரித்த பண்டம், வாங்கி வர வேண்டும். நான் முதல் மூன்று மாதம் வாங்கிய கறிபாஃபைப் பார்த்து, கடைக்காரர் என் வீட்டில் தினமும் விசேஷம் என்றே நினைத்துவிட்டார். ஐந்தாம் ஆண்டிலிருந்து வாங்குவது நின்றது. பீற்றிக்கொள்வதாக நினைத்தாலும் பரவாயில்லை, பிறகு நான் அதிகமும் சாப்பிடத்தான் செய்தேன்.

விளையாட்டுக்காக வைத்த பழக்கம் இல்லை அது. சீட்டுக்கும் கணினிக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, எது என்று கண்டுபிடிக்காமல் இருக்கையை விட்டு எழக்கூடாது என்பது அவர் சட்டம். சாதாரணமாகப் பொய் சொன்னது நாங்களாகத்தான் இருக்கும். திட்டத்தைக் கொண்டுபோய் நீட்டினால் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மூன்று கேள்வி கேட்பார். எவ்வளவு நேரம்? முடியாவிட்டால் எங்கே இறங்குவாய்? எதை மறந்தாய்? மூன்றாவது கேள்விக்கு ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது. ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் விமானிகள் எங்கள் மேசைக்கே வந்து திட்டத்தைப் பார்ப்பார்கள். ஒரு மூத்த விமானி நான் போட்ட திட்டத்தைப் புரட்டினார், என் முக்காட்டைப் பார்த்தார், என்னைத் தாண்டி அந்தோணிசாமியிடம், இதை யார் சரிபார்த்தது என்று கேட்டார்.

"போட்டவங்கதான் சரிபார்த்தாங்க. இன்னொரு தடவை பார்க்கணும்னா உங்களுக்கு இருபது நிமிஷம் இருக்கு," என்றார் அந்தோணிசாமி ஆங்கிலத்தில், குரல் உயராமல்.

விமானி நம்பாமல் இரண்டு டன் எரிபொருள் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போனார். அந்த இரண்டு டன்னைத் தொடாமலே பாரிஸில் இறங்கினார். அடுத்த மாதம் வந்தவர் நேராக என் மேசைக்கு வந்து, என்ன நிசா, இன்றைக்குக் காற்று எப்படி என்று கேட்டார். நான் அவருக்கு நாற்காலி போடவில்லை. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி அந்த ஜனவரிக்கு வருகிறேன். பெருந்தொற்றுக்கு முந்தைய குளிர்காலம். நியூயார்க்கிலிருந்து எங்கும் நிற்காமல் சிங்கப்பூர் வரும் விமானம் அன்று என் பொறுப்பு. அங்கே இரவு பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும், இங்கே மறுநாள் காலை பதினொன்று. அந்த வழிக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, வட துருவத்தின் பக்கமாக ஏறிச் சைபீரியா, சீனா வழியாக இறங்குவது. நூலுக்கு நெருக்கமான பாதை அது. மற்றது, அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா, இந்தியா, வங்காள விரிகுடா என்று வருவது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று.

காலை ஏழரை மணிக்கு நான் மேசையில் உட்கார்ந்தபோது ஓர் அறிவிப்பு வந்திருந்தது. மறுநாள் விடியற்காலையில் ஓர் ஏவுகணைச் சோதனைக்காக வங்காள விரிகுடாவின் மேல் ஒரு பெரிய பகுதியைச் சில மணி நேரம் மூடுகிறார்கள். எங்கள் விமானம் அங்கே வந்து சேரும் நேரமும் அதுதான். நான் அந்தப் பகுதியைக் கணினியில் மூடினேன். இந்தியா வழி அடைபட்டதால் கணினி துருவ வழியைக் கொடுத்தது. பதினெட்டு மணி நாற்பத்து நான்கு நிமிடம். கையெழுத்துப் போட்டேன், அந்தோணிசாமியின் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்னேன், திட்டம் நியூயார்க்குக்குப் போய்விட்டது.

பிறகு அங்கே பனி கொட்டத் தொடங்கியது. விமானிகள் நான்கு மணி நேரம் விடுதியிலேயே காத்திருந்தார்கள். பனி குறைந்ததும் விமானத்தில் ஏறினார்கள், பயணிகள் ஏறினார்கள். இறக்கையில் படிந்த பனியை அகற்றும் வண்டிக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று ஓடியது. விடுதியில் இருந்த நேரம் விமானிகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் வேலை நேர வரம்பில் சேராது, விமானத்தில் உட்கார்ந்திருந்த நேரம் சேரும். இங்கே மாலை நான்கு மணி ஆனபோது கணக்கு இறுகிவிட்டது. பறக்கும் நேரம் பதினெட்டு மணி இருபது நிமிடத்துக்குள் இருந்தால்தான் அந்த விமானிகள் சட்டப்படி கிளம்பலாம். ஒரு நிமிடம் கூடினாலும் விமானம் ரத்து. அடுத்த விமானம் மறுநாள்தான்.

ரத்து எங்களுக்குப் புதிதில்லை. பயணிகளுக்கு அறை, சாப்பாடு, மன்னிப்பு, முடிந்தது. ஆனால் அந்த விமானத்தில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. ஒரு தொண்டூழிய அமைப்பு அதைப் பற்றி அனுப்பிய மின்னஞ்சல் காலையிலிருந்தே என் திரையில் இருந்தது. அமெரிக்காவில் யாரோ ஒருவர், முன்பின் அறியாத சிங்கப்பூர்க்காரர் ஒருவருக்காகத் தன் உடம்பிலிருந்து புது ரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்களைக் கொடுத்திருந்தார். அதை ஒரு தொண்டூழியர் கையிலேயே எடுத்து வருகிறார். கொடுத்த நேரத்திலிருந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் நோயாளியின் உடம்பில் ஏற்ற வேண்டும். பனியால் ஏற்கெனவே ஐந்து மணி நேரம் போய்விட்டது. மிச்சக் கெடு சிங்கப்பூரில் மறுநாள் மாலை மூன்று மணி. வேறு நிறுவனங்களின் விமானங்களையும் தேடிப் பார்த்தார்கள், எதில் மாறி வந்தாலும் இரவாகிவிடும்.

மின்னஞ்சலின் கடைசி வரி என்னால் மறக்க முடியாதது. நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜை மருந்து கொடுத்து முழுவதும் அழிக்கப்பட்டுவிட்டது என்று எழுதியிருந்தார்கள். புதிய அணுக்களை ஏற்றுவதற்கு முன் அப்படித்தான் செய்வார்களாம். பெட்டி வராவிட்டால் அந்த மனிதருக்குத் திரும்பிப் போக வழியே கிடையாது. பெயர் இல்லை, வயது இல்லை, ஆணா பெண்ணா என்றுகூட இல்லை.

அந்தோணிசாமி என் பின்னால் வந்து நின்றார். ரத்து செய்யும் அதிகாரம் அவருக்குத்தான். பனி வண்டி நான்கு ஐம்பதுக்கு வரும், அதை நமக்கு வைத்திருக்கட்டுமா வேண்டாமா என்று நான்கு இருபதுக்குள் நியூயார்க்குக்குச் சொல்ல வேண்டும்.

"புதுக் காத்துப் படம் வந்துருச்சு. மறுபடி போடு," என்றார் ஆங்கிலத்தில்.

புதுத் திட்டம் என்றால் புதுச் சீட்டு. அந்த அவசரத்திலும் கை பழக்கத்தில் தாளை எடுத்தது. காற்றுப் படத்தைப் பார்த்தேன். அட்லாண்டிக்கின் மேல் பின்காற்று அபாரமாக இருந்தது. ஜனவரியில் வட இந்தியாவின் மேலும் மேற்கிலிருந்து ஒரு காற்று ஓடும், அன்று அதுவும் முழு வேகத்தில் இருந்தது. பதினெட்டு மணி பதினைந்து நிமிடம் என்று எழுதிக் குத்தினேன். பொத்தானை அழுத்தினேன்.

கணினி பதினெட்டு மணி நாற்பத்தொன்று என்றது.

பக்கத்து மேசை ஜேசன் எட்டிப் பார்த்து, "வயசாயிடுச்சு நிசா, கறிபாஃப் ரெடி பண்ணு," என்று ஆங்கிலத்தில் கிண்டலடித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு நிமிடம் பிசகு. பத்து ஆண்டுகளில் நான் அப்படிப் பிசகியதில்லை. கணினி மறுபடியும் துருவ வழியைப் பிடித்திருந்தது. இவ்வளவு காற்று அடிக்கும்போது இந்தியா வழியை ஏன் விட்டது? அந்த வழியைப் போட்டுக் காட்டு என்று கட்டாயப்படுத்தினேன். வங்காள விரிகுடா அடைபட்டிருக்கிறது என்று சிவப்பில் பதில் வந்தது.

அடைத்தவள் நான்தான்.

காலையில் அந்தப் பகுதியை மூடும்போது எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் பதிய வேண்டும். அதற்கு இன்னொரு பக்கத்தைத் திறந்து நாலு வரி நிரப்ப வேண்டும் என்பதால் நாங்கள் யாருமே அதைச் செய்ய மாட்டோம். காலவரையின்றி மூடிவிட்டு, வேலை முடிந்து போகும்போது கையால் திறப்போம். நானும் அதைத்தான் செய்திருந்தேன். உண்மையில் அந்தப் பகுதி மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்துவிடும். பழைய நேரத்தில் கிளம்பியிருந்தால் விமானம் அங்கே மூன்று மணிக்கு வந்திருக்கும், மூடியிருக்கும். ஆறு மணி நேரம் தாமதமானதால் இப்போது ஒன்பது மணிக்கு வரும். வானம் திறந்து கிடக்கும். கணினிக்கு அது தெரியாது, நான் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், மூடியதை நானே மறந்துவிட்டதால்தான் என் கை சரியான நேரத்தைச் சீட்டில் எழுதியது.

மணி நான்கு ஒன்பது. சத்தமில்லாமல் திறந்துவிட்டு, புதுக் காற்றால் நேரம் குறைந்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் விமானி அந்த வழியில் போகக் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் ஏன் மூடியிருந்தது, இப்போது ஏன் திறந்தது என்று தெரியாமல் அவர் போடக் கூடாது. எழுந்து நின்றேன்.

"மிஸ்டர் அந்தோணி, நான் காலைல வங்காள விரிகுடாவ முடியற நேரம் போடாம மூடிட்டேன். அது நாளைக்கு ஆறு மணிக்கே திறந்துடும். என் தப்பு," என்று தமிழில் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. "முப்பது வருஷமா தொண்ட கிழியக் கத்துறேனே, முடியற நேரத்தப் போடாம மூடாதீங்கன்னு! நீயே இப்படிப் பண்ணா மத்தவன் என்ன பண்ணுவான்? இருபத்தாறு நிமிஷத்துக்காக ஒரு ஆள சாகடிச்சிருப்பியே!" தமிழ் தெரியாதவர்களுக்கும் அன்றைக்கு அர்த்தம் புரிந்தது. அவர் மூச்சை இழுத்துவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பினார். "திறந்துட்டு மறுபடி கணக்குப் போடு. முதல்ல அந்த வான்பகுதியக் கவனிக்கிற கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் போன் போட்டு ஆறு மணின்னு அவங்க வாயால கேளு."

போன் போட்டேன். ஆறு மணிதான் என்றார்கள். மூடலைத் திறந்தேன், பொத்தானை அழுத்தினேன். அந்த நாலு விநாடி, பிரியாவின் அதே நாலு விநாடி, எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பதினெட்டு மணி பதினேழு நிமிடம்.

ஜேசன் மேசையை ஓங்கித் தட்டினான். அந்தோணிசாமி யாரையும் கொண்டாட விடவில்லை. பென்சிலை எடுத்து மூன்று கேள்வியையும் கேட்டார். மூன்றாவதுக்கு நான் முழு ஒரு நிமிடம் நின்று யோசித்தேன், அவரும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு நியூயார்க்கில் விமானி அறையில் இருந்த கேப்டன் யீயை அழைத்தேன். காலையில் நடந்த தவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டினார்.

"ஏவுகணைக்காரங்க நேரத்த நீட்டிச்சா?" என்று கேட்டார்.

"நீங்க அங்க வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிரும், கேப்டன். நீட்டிச்சா தெற்கால இலங்கைக்குக் கீழ திருப்பி விடுறேன். இருபத்தெட்டு நிமிஷம் கூடும், கிளம்பின பிறகு கூடுறதுக்குச் சட்டம் இடம் குடுக்குது. அதுக்கு எண்ணெய் உங்ககிட்ட இருக்கு, பெட்டிக்கும் நேரம் இருக்கு."

"பின்காத்து ஏமாத்துனா?"

"சென்னையில இறக்கி எண்ணெய் போட்டுக்கலாம். ஆனா ஏமாத்தாது."

"நீங்க பார்த்தீங்களா, கம்ப்யூட்டர் பார்த்துச்சா?"

"ரெண்டு பேரும் பார்த்தோம். ரெண்டு நிமிஷம்தான் வித்தியாசம்."

கேப்டன் யீ சிரித்தார். நான்கு பதினெட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். ஐந்து மணி ஆறு நிமிடத்துக்கு விமானம் மேலே எழுந்தது.

அதற்குமேல் நான் செய்ய ஒன்றுமில்லை. அந்தோணிசாமி என்னை வீட்டுக்கு விரட்டிவிட்டார். மறுநாள் எனக்கு விடுமுறை, ஆனாலும் காலை ஏழு மணிக்கு அலுவலகத்தில் நின்றேன். திரையில் விமானம் இந்தியாவை நெருங்கியிருந்தது. திட்டத்தைவிட நான்கு நிமிடம் முன்னால் இருந்தது. கட்டுப்பாட்டு நிலையத்தை மறுபடி அழைத்தேன். சோதனை முடிந்துவிட்டது, வழி திறந்திருக்கிறது என்றார்கள். ஒன்பது மணிக்கு அந்தச் சின்னப் பச்சைக் குறி, நான் மூடித் திறந்த கடலுக்கு மேல் நுழைந்து நேராக வந்தது. பதினொன்று பதினேழுக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. பறந்த நேரம் பதினெட்டு மணி பதினொரு நிமிடம். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். முப்பத்து நான்கு ஆண்டில் எவ்வளவோ விமானம் இறக்கியிருக்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

வருகைக் கூடத்துக்கு ஓடினேன். எங்கள் வேலையில் பயணிகளை நாங்கள் பார்ப்பதேயில்லை, அன்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. மருத்துவமனை ஆட்கள் இருவர் அட்டையோடு நின்றார்கள். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா, கசங்கிய கம்பளிச் சட்டையில், நீலப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். கழுத்தில் என் அலுவலக அட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டார், இங்கே இப்போது மணி என்ன என்று. பதினொன்று ஐம்பத்திரண்டு என்றேன். "அப்படியென்றால் எனக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அந்த இருவரோடு வேகமாகப் போய்விட்டார். மூன்று மணி எட்டு நிமிடம் என்று திருத்த வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்று மாலையே அந்தத் தொண்டூழிய அமைப்பிடமிருந்து செய்தி வந்தது. ஒன்றரை மணிக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்களாம். அதே வாரம் என் கோப்பில் அந்தோணிசாமி கையெழுத்திட்ட ஓர் எச்சரிக்கைக் கடிதமும் ஏறியது, முடியும் நேரம் பதியாமல் வான்பகுதியை மூடியதற்காக. நியாயமான கடிதம். நான் போராடிப் பெற்ற பாராட்டுச் சான்றிதழ்களைவிட அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூன்று மாதத்தில் கணினியையும் மாற்றினார்கள். இப்போது முடியும் நேரம் போடாவிட்டால் ஒரு சிவப்புக் கட்டம் வந்து திரையை மறிக்கும், நிரப்பாமல் நகராது. பிரியா, தினமும் நீ பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்புகிறாயே, அந்தக் கட்டம் என்னால் வந்தது. நாங்கள் என்ன பண்ணினோம் என்று கேட்டாயல்லவா?

பதினான்கு மாதம் கழித்து அதே அமைப்பிலிருந்து எனக்கு இன்னொரு மின்னஞ்சல் வந்தது. விதிப்படி பெயர் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் குழுவுக்கு இதைத் தெரிவிக்க அனுமதி கிடைத்திருக்கிறது என்று தொடங்கியது. ஒரே ஒரு வரிதான் செய்தி. நோயாளி குணமடைந்து வேலைக்குத் திரும்பிவிட்டார்.

நாற்காலியில் ஏறி நின்று அறை முழுக்கக் கேட்கும்படி அதை வாசித்தேன். கொஞ்சம் அழுதேன், நிறையச் சிரித்தேன். பெருந்தொற்றில் பாதி விமானங்கள் தரையில் கிடந்த காலம் அது. அந்த ஒரு வரி எங்கள் எல்லாருக்கும் ஒரு வருடச் சம்பளம் மாதிரி இருந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. இந்த ஊர் சின்ன ஊர். அந்த மனிதர் இங்கேதான் எங்கோ காலையில் எழுந்து, பல் துலக்கி, பேருந்தைப் பிடித்து வேலைக்குப் போகிறார். யார் என்று எனக்குத் தெரியாது, நான் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் சண்டைக்காரி என்பது என்னை அறிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். வரிசையில் யாராவது முந்தினால் விடமாட்டேன், ரயிலில் இடித்தால் திரும்பி நின்று கேட்பேன். இப்போது முடியவில்லை, அந்த மனிதர் இவராக இருந்தால் என்று தோன்றிவிடுகிறது. போன வாரம் ரயிலில் நான் உட்காரப் போன இடத்தில் ஓர் ஆள் சடக்கென்று வந்து உட்கார்ந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் வேலை அட்டை, கையில் நெகிழிப் பையில் வாங்கிய கோப்பி, மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. பிறகுதான் என் நரையைப் பார்த்திருப்பார் போல. பதறி எழப் போனார்.

"சாரி ஆன்ட்டி, நீங்க உக்காருங்க."

அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"பரவால்ல தம்பி. வேலைக்குத்தானே போறீங்க? நல்லா உக்காருங்க."